பேரண்டம் எப்படித் தொடங்கியது, எங்கே போய் முடியும்? அறிவியல் கோட்பாடுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

பெருவெடிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன், எதுவுமில்லாத இருண்ட வெற்றிடத்தின் நடுவே ஒரு சிறு புள்ளி வெடித்து, அதன் சிதறல்கள் எல்லாத் திசைகளிலும் பறந்ததாகவே பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஆவணப்படங்களில் வரும் காட்சிகளும் அந்தக் கற்பனையையே வளர்த்துவிட்டன. அறிவியலாளர்கள் பெருவெடிப்புக் கோட்பாடு என்று குறிப்பிடுவது இதையன்று. இன்று நாம் காணும் பேரண்டம் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மிகுந்த அடர்த்தியுடனும் மிகுந்த வெப்பத்துடனும் இருந்தது. அன்றுமுதல் விண்வெளி தானே விரிந்துகொண்டும், அதிலுள்ள பொருள் குளிர்ந்துகொண்டும் வருகிறது. கோட்பாட்டின் சாரம் இதுதான். வெப்பமும் அடர்த்தியும் மிகுந்த அந்த நிலைக்கு முன்பு என்ன இருந்தது, எது அதைத் தொடங்கிவைத்தது என்ற கேள்விகளுக்குத் தன்னிடம் விடை இருப்பதாக அக்கோட்பாடு உரிமை கொண்டாடுவதில்லை. இந்த எல்லையை முதலிலேயே உணர்ந்துகொண்டால், பேரண்டத்தைப் பற்றிச் சொல்லப்படுபவற்றுள் எது உறுதியாக நிறுவப்பட்டது, எது தக்க காரணங்களோடு ஏற்கப்பட்டுள்ள கருதுகோள், எது இன்னும் ஊகமாகவே இருப்பது என்று பிரித்தறிவது எளிதாகிவிடும். தொடக்கத்தைப் பற்றிய கேள்வியும் முடிவைப் பற்றிய கேள்வியும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், விரிவின் வேகம் காலப்போக்கில் எவ்வாறு மாறிவந்துள்ளது, இனி எவ்வாறு மாறும் என்ற ஒரே கேள்வியின் இரு முனைகளாகவே அவற்றைப் பார்க்க வேண்டும்.

பேரண்டம் விரிகிறது என்பது கோட்பாட்டிலிருந்தும் அளவீட்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தெரியவந்தது. அளவீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தனிமமும் ஒளியின் நிறமாலையில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது. அக்கோடுகள் ஆய்வகத்தில் காணப்படும் இடத்திலிருந்து சிவப்பு முனையை நோக்கி நகர்ந்திருந்தால், ஒளியை அனுப்பிய பொருளுக்கும் நமக்கும் இடையிலான தொலைவு கூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீல முனையை நோக்கி நகர்ந்திருந்தால் அது நெருங்கி வருகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவல் வானாய்வகத்தில் பணியாற்றிய வெஸ்டோ ஸ்லிஃபர், 1912-இல் வானில் சுருள் வடிவ மேகமாகத் தெரிந்த ஆண்ட்ரோமீடாவின் நிறமாலையை அளந்து, அது நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதாகக் கண்டார். அடுத்தடுத்து அவர் அளந்த சுருள் வடிவ மேகங்களில் பெரும்பாலானவையோ விலகிச் சென்றுகொண்டிருந்தன. அக்காலத்தில் அவை நம் பால்வெளி மண்டலத்துக்கு உள்ளேயே இருக்கும் வாயு மேகங்களா, வெளியே தொலைவில் இருக்கும் தனி விண்மீன் திரள்களா என்பதே முடிவாகியிருக்கவில்லை.

அதை முடிவு செய்யத் தொலைவை அளக்க வேண்டியிருந்தது. வானியலில் மிகக் கடினமான வேலை அதுவே. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராயும் பணியில் இருந்த ஹென்ரியெட்டா லீவிட், செபீட் என்னும் வகை விண்மீன்களின் ஒளி கூடிக் குறையும் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் இடையே நிலையான தொடர்பு இருப்பதை 1912-இல் நிறுவினார். ஒரு விண்மீனின் உண்மையான ஒளிர்வு தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து அதன் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தொலைநோக்கியில் அமர்ந்து வானைப் பார்க்கும் வாய்ப்பே பெண்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்ட காலத்தில் அவர் தந்த இந்த அளவுகோல் இல்லாமல் இக்கட்டுரையில் வரும் எந்தத் தொலைவும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1923-இல் எட்வின் ஹபிள், கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்திலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு ஆண்ட்ரோமீடாவில் ஒரு செபீட் விண்மீனைக் கண்டுபிடித்தார். அதன் தொலைவு பால்வெளியின் எல்லையைவிட மிகப் பெரிதாக இருந்ததால், ஆண்ட்ரோமீடா தனியொரு விண்மீன் திரள் என்பது உறுதியாயிற்று. அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று அறிகிறோம்.

1929-இல் ஹபிள் வெளியிட்ட ஆய்வு, தொலைவு கூடக் கூட விண்மீன் திரள்கள் விலகிச் செல்லும் வேகமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்று காட்டியது. எல்லாம் நம்மைவிட்டு விலகுகின்றன என்றால் நாம்தான் மையத்தில் இருக்கிறோமா என்ற ஐயம் இயல்பாக எழும். ஒரே நேர்கோட்டில் நம்மிடமிருந்து 1, 2, 3 அலகுத் தொலைவுகளில் மூன்று விண்மீன் திரள்கள் இருப்பதாகக் கொள்வோம். குறிப்பிட்ட காலத்தில் எல்லா இடைவெளிகளும் இரு மடங்காகுமானால் அவை 2, 4, 6 அலகுகளில் இருக்கும். முதலாவது 1 அலகும், இரண்டாவது 2 அலகுகளும், மூன்றாவது 3 அலகுகளும் விலகியிருக்கின்றன. அதாவது வேகம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இப்போது இரண்டாவது திரளில் நின்று பார்த்தால், இரு பக்கமும் 1 அலகுத் தொலைவில் இருந்தவை 2 அலகுகளுக்குச் சென்றிருக்கும், 2 அலகுத் தொலைவில் இருந்த நாம் 4 அலகுகளுக்குச் சென்றிருப்போம். அங்கிருப்பவருக்கும் அதே விதிதான் தெரியும். ஆகவே விரிவுக்கு மையமும் இல்லை, விளிம்பும் தேவையில்லை. பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது என்று கேட்டால், எல்லா இடத்திலும் என்பதே சரியான விடை.

விரிவு என்பது விண்மீன் திரள் கூட்டங்களுக்கு இடையிலான பெருந்தொலைவுகளில் மட்டுமே வெளிப்படுகிறது. ஈர்ப்பு விசையாலோ மின்காந்த விசையாலோ பிணைக்கப்பட்டிருக்கும் பொருள்கள் விரிவதில்லை. நம் உடலும், பூமியும், சூரியக் குடும்பமும், பால்வெளி மண்டலமும் விரிவதில்லை. ஆண்ட்ரோமீடா நம்மை நெருங்கி வருவதும் இந்தப் பிணைப்பால்தான். 1380 கோடி ஆண்டு வயதுடைய பேரண்டத்தில் நாம் காணக்கூடிய எல்லை ஏன் 1380 கோடி ஒளியாண்டுகளாக இல்லாமல் ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் விரிவே காரணம்: ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் அது கடந்துவந்த வெளியும் பின்னால் நீண்டுகொண்டே இருந்தது.

கோட்பாட்டின் வழியும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1915-இல் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்த ஐன்ஸ்டைன், 1917-இல் அதைப் பேரண்டம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தபோது, பொருள் நிரம்பிய பேரண்டம் ஈர்ப்பால் சுருங்கிவிடும் என்ற விளைவு வந்தது. பேரண்டம் அசையாமல் நிலைத்திருக்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. எனவே ஈர்ப்பை எதிர்த்துச் சமன்செய்யும் அண்டவியல் மாறிலி ஒன்றை அவர் தம் சமன்பாட்டில் சேர்த்தார். ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாந்தர் ஃபிரீட்மன் 1922-இல் அதே சமன்பாடுகள் விரியும் பேரண்டத்தையும் சுருங்கும் பேரண்டத்தையும் அனுமதிக்கின்றன என்று காட்டினார். தாம் காட்டியது உண்மை என்று தெரிந்துகொள்ளும் முன்பே, 1925-இல் 37 வயதில் இறந்துபோனார். பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லமேத்ர, ஃபிரீட்மனின் பணியை அறியாமலேயே அதே முடிவுக்கு வந்து, 1927-இல் விரிவின் விதியையும் அதன் வேகத்தையும் கணக்கிட்டு வெளியிட்டார். அதிகம் படிக்கப்படாத இதழ் ஒன்றில் பிரெஞ்சு மொழியில் வந்ததால் அது கவனிக்கப்படாமல் கிடந்தது. விரிவைக் காலத்தில் பின்னோக்கி நடத்திப் பார்த்தால் எல்லாம் ஒரு ‘ஆதி அணு’வில் போய்ச் சேரும் என்று 1931-இல் முதலில் சொன்னவரும் அவரே. 2018-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் ஹபிள் விதியை ஹபிள்–லமேத்ர விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது. காலம் கடந்து வந்தாலும் நியாயமான முடிவு.

விரிவின் வேகம் தெரிந்தால் பேரண்டத்தின் வயதை எளிய வகுத்தலால் ஓரளவு மதிப்பிடலாம். ஒரு மெகாபார்செக் என்பது ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுகள். அத்தொலைவில் இருக்கும் திரள் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் விலகுகிறது என்பது இன்றைய அளவு. அந்தத் தொலைவை அந்த வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் வருகிறது. ஆனால் ஹபிள் தந்த வேகம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அதிலிருந்து கிடைத்த வயது வெறும் 200 கோடி ஆண்டுகள். பூமியின் வயதைவிடப் பேரண்டத்தின் வயது குறைவாக இருந்தது. இந்த முரண் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோட்பாட்டை வாட்டியது. செபீட் விண்மீன்களில் இரு வேறு வகைகள் கலந்துவிட்டிருந்ததை வால்ட்டர் பாடே 1952-இல் அறிவித்தபோது தொலைவுகள் இரு மடங்காயின. பின்வந்த திருத்தங்களால் முரண் மறைந்தது.

அந்த முரண் நீடித்த காலத்தில்தான், 1948-இல், ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகிய மூவரும் மாறாநிலைக் கோட்பாட்டை முன்வைத்தனர். பேரண்டம் விரிகிறது, ஆனால் விரிவால் உண்டாகும் இடைவெளியை நிரப்பும் அளவுக்குப் புதிய பொருள் மிக மெதுவாகத் தோன்றிக்கொண்டே இருப்பதால், அது என்றும் ஒரே தோற்றத்தில் இருக்கிறது, அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்பது அவர்களின் வாதம். பெருவெடிப்பு என்ற பெயரையே 1949-இல் பிபிசி வானொலி உரையொன்றில் ஹாயில்தான் முதன்முதலில் பயன்படுத்தினார். ஹாயிலின் மாணவரும், பிற்காலத்தில் புணேயில் வானியல், வானியற்பியலுக்கான பல்கலைக்கழக இடை மையத்தை நிறுவியவருமான ஜெயந்த் நர்லிகர், இக்கோட்பாட்டின் வழிவந்த மாற்று விளக்கங்களைத் தம் வாழ்நாள் முழுவதும் வளர்த்துவந்தார். மாறாநிலைக் கோட்பாடு தோற்றுப்போன கோட்பாடு என்று ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உடன்பாடானதன்று. தெளிவான, சோதிக்கத்தக்க ஒரு கணிப்பை அது முன்வைத்தது: தொலைவில், அதாவது பழங்காலத்தில், பேரண்டம் இன்றுபோலவே இருந்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழுவினர் ரேடியோ அலைகளை உமிழும் தொலைதூரப் பொருள்களை எண்ணிப் பார்த்தபோது, அவை முற்காலத்தில் மிகுதியாக இருந்தது தெரியவந்தது. சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டதால்தான் அக்கோட்பாட்டைச் சோதித்து விலக்க முடிந்தது.

பெருவெடிப்பின் பக்கம் இருந்த வலுவான சான்றுகளில் ஒன்றைச் சிறு கணக்காகவே செய்து பார்க்கலாம். முதல் சில நிமிடங்களில் பேரண்டம் அணுக்கரு உலையாக இருந்தது. நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றே கனமானது என்பதாலும் தனித்திருந்தால் சிதைந்துவிடும் என்பதாலும், அணுக்கருக்கள் உருவாகும் அளவுக்குப் பேரண்டம் குளிர்ந்த வேளையில் ஏழு புரோட்டான்களுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதமே எஞ்சியிருந்தது. 14 புரோட்டான்களையும் 2 நியூட்ரான்களையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு நியூட்ரான்களும் இரண்டு புரோட்டான்களோடு சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாகும். மீதமுள்ள 12 புரோட்டான்கள் ஹைட்ரஜனாக நிற்கும். மொத்த நிறை 16 அலகுகள், அதில் ஹீலியம் 4 அலகுகள். அதாவது நான்கில் ஒரு பங்கு. விண்மீன்களால் அதிகம் மாசுபடாத பழைய வாயு மேகங்களில் அளந்தால் ஹீலியம் ஏறத்தாழ அதே 25 விழுக்காடுதான் இருக்கிறது. மிகச் சிறிய அளவில் கிடைக்கும், கருவில் ஒரு நியூட்ரானும் சேர்ந்த ஹைட்ரஜன் வகையான டியூட்டீரியமும் கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது; லித்தியம் மட்டும் கணித்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே காணப்படுவது இன்னும் தீராத புதிர். கார்பன், ஆக்சிஜன், இரும்பு போன்றவை அந்த நிமிடங்களில் உருவாகவில்லை. அவை விண்மீன்களுக்குள் சமைக்கப்பட்டவை. அதை 1957-இல் விரிவாக விளக்கிய நால்வருள் ஹாயிலும் ஒருவர் என்பதால், பெருவெடிப்பை ஏற்காத அவரே தனிமங்களின் வரலாற்றில் மீதிப் பாதியை எழுதியவராகிறார்.

இன்னொரு சான்று ஒளியாகவே வந்து சேர்ந்தது. வெப்பமான பழைய பேரண்டத்தில் எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேராமல் தனித்து அலைந்ததால், ஒளி சற்றுத் தூரம் செல்வதற்குள் சிதறடிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் வெப்பநிலை 3000 கெல்வின் அளவுக்குத் தணிந்தபோது எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்து நடுநிலை அணுக்களாயின. ஒளி தடையின்றிப் பயணம் செய்யத் தொடங்கியது. மேகம் மூடிய நாளில் மேகத்தின் அடிப்பரப்பை மட்டும் பார்க்க முடிவதுபோல், ஒளியைக் கொண்டு நாம் பார்க்கக்கூடிய மிகப் பழைய காட்சி அந்தக் கணத்தின் பரப்புதான். அதன் பிறகு பேரண்டம் ஏறத்தாழ 1100 மடங்கு விரிந்திருப்பதால் அந்த ஒளியின் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டு, நுண்ணலையாக மாறியிருக்கிறது. இதையே நுண்ணலைப் பின்னணி என்கிறார்கள். 3000 கெல்வினை 1100-ஆல் வகுத்தால் கிடைக்கும் 2.7 கெல்வின்தான் அதன் இன்றைய வெப்பநிலை. ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948-இலேயே இத்தகைய கதிர்வீச்சு இருக்கும் என்றும், அதன் வெப்பநிலை 5 கெல்வின் அளவில் இருக்கலாம் என்றும் கணித்திருந்தனர். அந்தக் கணிப்பை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டனர்.

1964-இல் நியூஜெர்சியின் ஹோம்டெலில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றில் தொடர்ந்து வந்த மெல்லிய இரைச்சலை நீக்க முயன்றுகொண்டிருந்தனர். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும், பருவம் மாறினாலும் அது அப்படியே இருந்தது. ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி அவற்றின் எச்சத்தைத் துடைத்த பிறகும் அது போகவில்லை. அருகிலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கேயின் குழு அதே கதிர்வீச்சைத் தேடக் கருவி அமைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தபோதுதான், இரைச்சல் என்று நினைத்தது எது என்பது விளங்கியது. 1978-இல் பென்சியாசுக்கும் வில்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முன்கூட்டியே கணித்த ஆல்ஃபருக்கும் ஹெர்மனுக்கும் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. 1989-இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் அந்தக் கதிர்வீச்சின் நிறமாலையை அளந்து தந்தது. வெப்பச் சமநிலையில் இருந்த பொருளிலிருந்து வரும் ஒளிக்குக் கோட்பாடு வரையும் வளைகோட்டின்மேல் அளவீட்டுப் புள்ளிகள் அப்படியே அமர்ந்திருந்தன. 1990 ஜனவரியில் அந்த வரைபடம் திரையில் காட்டப்பட்டபோது அரங்கிலிருந்த வானியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வரைபடத்துக்கு அத்தகைய வரவேற்பு கிடைப்பது அரிது. அதற்கு அது தகுதியுடையதே.

இந்தக் கதிர்வீச்சு எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தாலும், லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான ஏற்ற இறக்கங்கள் இருப்பதை 1992-இல் கோபி குழு அறிவித்தது. சற்றே அடர்த்தி கூடிய பகுதிகள் ஈர்ப்பால் மேலும் பொருளை இழுத்துக்கொண்டு, பின்னாளில் விண்மீன் திரள்களாக வளர்ந்தன. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் இந்த ஏற்ற இறக்கங்களை நுணுக்கமாக அளந்து தந்த கணக்கின்படி, பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் அணுக்களாலான பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு. ஒளியை உமிழாமலும் உறிஞ்சாமலும் ஈர்ப்பால் மட்டும் தன்னை வெளிப்படுத்தும் கரும்பொருள் 27 விழுக்காடு. எஞ்சிய 68 விழுக்காடு, பின்னர் நாம் காணப்போகும் கரும் ஆற்றல். கரும்பொருளின் தேவையை 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா திரள்கூட்டத்திலும், 1970-களில் வேரா ரூபின் சுழலும் விண்மீன் திரள்களிலும் கண்டனர். அது எத்தகைய துகளால் ஆனது என்பது இதுவரை கண்டறியப்படவில்லை.

வெப்பநிலை எங்கும் சமமாக இருப்பது மகிழ்ச்சியளிக்கும் செய்தி போலத் தோன்றினாலும், உண்மையில் அதுவே ஒரு சிக்கல். அந்த ஒளி புறப்பட்ட காலத்தில், வானத்தின் எதிரெதிர்த் திசைகளில் நாம் காணும் பகுதிகளுக்கு இடையே ஒளிகூடச் சென்று சேர்ந்திருக்க முடியாது. ஒன்றையொன்று அறியாத பகுதிகள் ஒரே வெப்பநிலைக்கு எப்படி வந்தன? ஆலன் குத் 1981-இல் வெளியிட்ட விடை அண்ட வீக்கக் கோட்பாடு எனப்படுகிறது. மிகமிகத் தொடக்கத்தில், ஒரு நொடியின் நினைத்துப் பார்க்க இயலாத சிறு கூறில், பேரண்டம் பல கோடி கோடி கோடி மடங்கு விரிந்தது. அதற்கு முன்பு அடுத்தடுத்திருந்து சமவெப்பம் அடைந்த சிறு பகுதியே இன்று நாம் காணும் வானம் முழுவதும் பரவியிருக்கிறது. அந்த வேளையில் இருந்த குவான்டம் அலைவுகளே பெரிதாகி, விண்மீன் திரள்களின் விதைகளாயின என்ற கணிப்பும் பிளாங்க் தரவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆயினும் வீக்கத்தைத் தூண்டியது எது என்பது தெரியாததால், இதை நிறுவப்பட்ட உண்மை என்று எழுதக் கூடாது. வீக்கம் விட்டுச் சென்றிருக்க வேண்டிய ஈர்ப்பலைகளின் தடயத்தைக் கண்டுவிட்டதாகத் தென்முனையிலிருந்து இயங்கிய பைசெப்-2 குழு 2014 மார்ச்சில் அறிவித்தது. அந்தச் சமிக்ஞை பால்வெளியிலுள்ள தூசியிலிருந்தும் வரக்கூடும் என்று பிளாங்க் குழுவோடு சேர்ந்து செய்த ஆய்வு அடுத்த ஆண்டே காட்டியது. தடயத்தைத் தேடும் பணி இன்றும் தொடர்கிறது.

இதற்கும் அப்பால், காலம் சுழியாக இருந்த கணத்தை நோக்கிச் சென்றால் என்ன ஆகும்? கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, ரோஜர் பென்ரோசும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் 1965 முதல் 1970 வரை நிறுவிய தேற்றங்கள், பொதுச் சார்பியலை மட்டும் நம்பிப் பின்னோக்கிச் சென்றால் அடர்த்தி எல்லையற்றதாகிவிடும் ஒரு நிலையைத் தவிர்க்க முடியாது என்று காட்டுகின்றன. அப்படி எல்லையற்ற எண் ஒன்று வருவது, அந்த இடத்தில் கோட்பாடு செல்லுபடியாகவில்லை என்பதற்கான அறிகுறி என்றே பெரும்பாலான இயற்பியலாளர்கள் கொள்கிறார்கள். அங்கே ஈர்ப்பையும் குவான்டம் இயற்பியலையும் இணைக்கும் கோட்பாடு வேண்டும். அது இன்னும் கைகூடவில்லை. காலத்துக்கே தொடக்க விளிம்பு இல்லை என்னும் ஹார்ட்டில்–ஹாக்கிங் முன்மொழிவு, முந்தைய பேரண்டம் ஒன்று சுருங்கி மீண்டும் விரிந்தது என்னும் சுழற்சிக் கருத்துகள் ஆகியவையெல்லாம் இந்த வெற்றிடத்தை நிரப்ப முயல்பவை. மதிக்கத்தக்க சிந்தனைகள்தாம், ஆனால் ஹீலியத்தின் அளவுக்கும் நுண்ணலைப் பின்னணிக்கும் உள்ள சான்றின் வலிமை இவற்றுக்கு இல்லை.

இனி முடிவைப் பார்ப்போம். பொருளின் ஈர்ப்பு விரிவுக்கு எதிராகச் செயல்படுவதால், விரிவின் வேகம் காலப்போக்கில் குறைந்துவர வேண்டும் என்றே நீண்ட காலம் எண்ணப்பட்டது. பேரண்டத்தின் அடர்த்தி குறிப்பிட்ட எல்லையைவிட மிகுந்திருந்தால் விரிவு ஒருநாள் நின்று, எல்லாம் திரும்பி வந்து மோதும் பெருநொறுங்கல் நிகழும். குறைவாக இருந்தால் விரிவு என்றும் தொடரும். எனவே வேகம் எவ்வளவு குறைந்துவருகிறது என்று அளந்துவிட்டால் முடிவு தெரிந்துவிடும் என்று நம்பிய இரு குழுக்கள் 1990-களில் களமிறங்கின. சால் பெர்ல்மட்டர் ஒரு குழுவுக்கும், பிரையன் ஷ்மிட் மற்றொரு குழுவுக்கும் தலைமை தாங்கினர். இரண்டாம் குழுவின் பகுப்பாய்வை ஆடம் ரீஸ் முன்னின்று செய்தார்.

அவர்கள் பயன்படுத்திய அளவுகோல் ஒன்றாம் ஏ வகைச் சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துமுடித்துவிட்டு 1930-இல் கப்பலில் இங்கிலாந்து சென்ற 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்தின்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறு விண்மீன் ஒன்றின் நிறை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அது தன் எடையைத் தாங்க முடியாது என்று அக்கணக்கு காட்டியது. சூரியனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர் துல்லியமாக்கப்பட்ட அந்த எல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. துணை விண்மீனிலிருந்து பொருளை ஈர்த்து அந்த எல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீன்கள் வெடிப்பதுதான் இவ்வகைச் சூப்பர்நோவாவுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். வெடிப்புகளின் ஒளிர்வு ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதாலும், சிறு வேறுபாடுகளை ஒளி மங்கும் வேகத்தைக் கொண்டு திருத்திக்கொள்ள முடிவதாலும், பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் தொலைவை அளக்க அவை உதவுகின்றன. 1998-இல் இரு குழுக்களும் கண்டது எவரும் எதிர்பார்க்காதது: தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் இருக்க வேண்டியதைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. விரிவின் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த முடுக்கத்துக்குக் காரணமானதைத்தான் கரும் ஆற்றல் என்கிறோம். வெற்றுவெளிக்கே உரிய ஆற்றலாக அதைக் கொள்வது மிக எளிய விளக்கம். ஐன்ஸ்டைன் சேர்த்துப் பின்னர் கைவிட்ட மாறிலிதான் அது. பேரண்டம் விரியும்போது பொருளின் அடர்த்தி குறைகிறது, வெற்றுவெளியின் ஆற்றல் அடர்த்தியோ மாறுவதில்லை. அதனால் முதல் பல நூறு கோடி ஆண்டுகள் பொருளின் ஈர்ப்பு ஓங்கி விரிவை மெதுவாக்கியது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கரும் ஆற்றலின் கை ஓங்கத் தொடங்கியது. ஆனால் அந்த ஆற்றலின் அளவைக் குவான்டம் கோட்பாட்டைக் கொண்டு நேரடியாகக் கணக்கிட்டால், அளந்ததைவிட 1-க்குப் பின் 120 சுழியங்கள் இட்ட அளவுக்குப் பெரிதாக வருகிறது. இயற்பியலில் கோட்பாட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையே இதைவிடப் பெரிய பிளவு கிடையாது.

கரும் ஆற்றல் மாறாமல் நீடித்தால் முடிவு பெருங்குளிர்வு. தொலைவிலுள்ள திரள்கள் ஒவ்வொன்றாக நம் பார்வை எல்லைக்கு அப்பால் செல்லும். ஏறத்தாழ 10,000 கோடி ஆண்டுகளில் பால்வெளியும் ஆண்ட்ரோமீடாவும் அடங்கிய, ஈர்ப்பால் பிணைந்த நம் உள்ளூர்க் குழு மட்டுமே தனித்து நிற்கும். அக்காலத்தில் வாழும் வானியலாளர் எவராயினும், விலகும் திரள்களையும் காண முடியாது, நீண்டு மெலிந்துவிட்ட நுண்ணலைப் பின்னணியையும் பிடிக்க முடியாது. விரிவுக்கான சான்றே அவருக்குக் கிடைக்காது. ஒரு கோடி கோடி ஆண்டுகள் அளவில் புதிய விண்மீன் பிறப்பு நின்று, மிகச் சிறிய செங்குறு விண்மீன்களும் அணைந்துவிடும். எஞ்சியிருக்கும் கருந்துளைகளும் ஹாக்கிங் 1974-இல் காட்டிய வழியில் மெல்லக் கதிர்வீசி மறையும். சூரியன் அளவு நிறையுடைய கருந்துளைக்கு 1-க்குப் பின் 67 சுழியங்கள் இட்ட ஆண்டுகளும், மிகப் பெரியவற்றுக்கு 100 சுழியங்கள் இட்ட ஆண்டுகளும் ஆகும். அதன் பிறகு எங்கும் வெப்பநிலை வேறுபாடு இல்லாததால், எந்த வேலையும் நடைபெற வழியிருக்காது.

கரும் ஆற்றலின் அடர்த்தி காலப்போக்கில் கூடிக்கொண்டே போகுமானால் முடிவு வேறு. 2003-இல் முன்வைக்கப்பட்ட பெருங்கிழிவு என்னும் கருத்தின்படி, திரள்களும் பின்னர் விண்மீன் குடும்பங்களும் இறுதியில் அணுக்களும்கூடப் பிய்ந்துபோகும். மாறாக அது குறைந்து, எதிர்க்குறி பெறுமானால் பெருநொறுங்கல் மீண்டும் சாத்தியமாகிறது. எனவே கரும் ஆற்றல் மாறுகிறதா இல்லையா என்பதே இன்று அண்டவியலின் மையக் கேள்வி. அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள தொலைநோக்கியில் 5000 ஒளியிழைகளைக் கொண்டு இயங்கும் டெசி கருவி, பல லட்சக்கணக்கான திரள்களின் இருப்பிடங்களை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. 2024-இலும் 2025-இலும் வெளியான அதன் முடிவுகளைச் சூப்பர்நோவா, நுண்ணலைப் பின்னணித் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், கரும் ஆற்றல் அண்மைக் காலத்தில் வலுவிழந்து வருவதற்கான குறிப்புகள் தென்படுகின்றன. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் குறிப்பின் வலிமை 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது (ஒரு முடிவு தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவு சிக்மா). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலில் கேட்கப்படும் 5 சிக்மாவை அது எட்டவில்லை. இன்னொரு பக்கம், விரிவின் இன்றைய வேகத்தைப் பிளாங்க் தரவிலிருந்து கணித்தால் ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர் என்றும், செபீட், சூப்பர்நோவா வழியே நேரடியாக அளந்தால் 73 என்றும் வருவது, அளவீடுகள் கூர்மையாகக் கூர்மையாக மேலும் உறுத்துகிறது. 2023 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலமும், சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகமும் இந்த இரு புதிர்களுக்கும் தேவையான தரவுகளைத் திரட்டும் பணியில் இறங்கியிருக்கின்றன. ரூபின் வானாய்வகத்தின் வான் பதிவு மட்டும் பத்து ஆண்டுகள் தொடர்வதாகத் திட்டமிடப்பட்டுள்ளது.